மேட்ரனம்மாவுக்கு மூன்று வால்

மேட்ரனம்மா பொய் சொல்ல மாட்டார். இதை நான் புகழ்ந்து சொல்லவில்லை. கூட வேலை பார்த்த எங்களுக்கு அது பெரிய இம்சை.

கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு போர்டிங் பள்ளியில் நான் வேன் டிரைவர். எழுபதுகளின் கடைசியில், வில்பட்டியில் பூண்டுக் காட்டில் குனிந்து வேலை பார்க்கப் பிடிக்காமல் போய்ச் சேர்ந்தேன். அங்கே சின்னப் பிள்ளைகள் விடுதிக்கு அவர்தான் மேட்ரன். குள்ளமான ஆள். பன் மாதிரி வட்ட முகம். சேலைக்கு மேலே ஆம்பளை ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் என்னைக் கேட்டாயா என்பார். பார்ப்பதற்கு அவருக்கும் நரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மனுஷர் பெண்டாட்டியோடு காரில் வந்தார். மகனைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்களை நெனச்சு ரொம்ப அழுவானா மேடம்?"

"இல்லைங்க. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டும்தான் அழுவான். மத்த நாள் நல்லாத்தான் இருக்கான்."

அந்த அம்மாள் காரில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்குப் பெண் பார்த்தபோது பேத்துப்பாறையிலிருந்து பெண் வீட்டார் விசாரிக்க வந்தார்கள். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்திருக்கலாம். நேராக இவரிடம் போனார்கள்.

"பையன் எப்படிங்கம்மா?"

"கோவக்காரன். வாய் மோசம். குடி கெடையாது. மலை ரோட்டுல அவன் ஓட்டுனா நான் தூங்கிக்கிட்டே வருவேன். குளிக்கிறது மட்டும் கம்மி."

பெண் கொடுத்துவிட்டார்கள். ஆனால் என் மாமியார் சாகிறவரை, நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் சொல்வது, "ஏலே, மாப்பிள்ளைக்கு வெந்நி போடு" என்பதுதான்.

அவர் விடுதி வாசலில் நின்று எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்பார். "எதுக்கு வந்தீங்க?" பால்காரனானாலும் பாதிரியாரானாலும் அதே கேள்வி. "சும்மாத்தான்" என்றால் உள்ளே விட மாட்டார். "சும்மா யாரும் இந்தக் குளிர்ல நடந்து வரமாட்டாங்க. யோசிச்சுட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஆசிரியர் ஒருவர் வெட்கப்பட்டு "சும்மாத்தான்" என்று சொல்லி, பத்திரிகையோடு திரும்பிப் போனது எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு எதிரி இல்லாமல் இருப்பானா? எங்கள் மேனேஜர் இருந்தான். பள்ளியின் சாமான், கட்டடம், சம்பளம் எல்லாம் அவன் கையில். தேன் மாதிரிப் பேசுவான். தேன் மாதிரிப் பேசுகிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை அரிக்கும். ஒருமுறை கமிட்டிக்காரர்கள் கீழேயிருந்து விடுதியைப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, "பிள்ளைங்களுக்கு எந்நேரமும் சுடுதண்ணிங்க ஐயா" என்றான். ஆவி பறந்தது. கமிட்டித் தலைவர் சந்தோஷமாக மேட்ரனம்மாவைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"இல்லைங்க. பாய்லர் ஓட்டையாகி ரொம்ப நாளாச்சு. நீங்க வர்றீங்கன்னு காலையிலருந்து வெறகு போட்டுக் காய்ச்சி, மேல் தொட்டியில வாளி வாளியா ஊத்தி வச்சிருக்கோம். இன்னும் ரெண்டு பேர் கை கழுவலாம். அதுக்கு மேல வராது."

அன்றைக்கே மேனேஜர் முடிவுகட்டிவிட்டான், இந்தப் பொம்பளையை மலையிறக்கிவிட வேண்டும் என்று.

அவரை இறக்கினால் போக இடம் கிடையாது. விடுதிக்குப் பின்னால் பள்ளிக்காரர்கள் கொடுத்த ஒற்றை அறை, அதை ஒட்டி ஒரு பேரிக்காய் மரம், அவ்வளவுதான் அவர் சொத்து. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் ஒரு அண்ணன் இருந்தார். அண்ணி வைத்த குழம்பைப் பற்றி மேட்ரனம்மா ஒருதரம் உள்ளதைச் சொல்லிவிட்டதால் அந்த வாசல் எப்போதோ அடைபட்டுவிட்டது.

இனி நரிக்கு வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர். பிள்ளைகள் பெரிய லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். அறைகளைச் சுத்தம் பண்ணும்போது ஒரு கட்டிலுக்கு அடியில் பெட்டி கிடந்தது. ஒரு அமெரிக்கப் பையனுடையது. அவன் அப்பாவுக்கு வேறு தேசத்துக்கு மாற்றல், பையன் இனி வர மாட்டான். இப்படிக் கிடக்கிற சாமானுக்கெல்லாம் சீட்டு ஒட்டி, சர்ச்சில் நடக்கிற கோயில் விற்பனைக்கு அனுப்புவது வழக்கம். பெட்டிக்குள் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகமும், கல்கண்டு மாதிரி மினுங்கும் பகடைகளும் இருந்தன. நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம்கூட இருந்தது.

"விளையாட்டுச் சாமான்னு எழுதி ஒட்டுங்கம்மா, வண்டியில ஏத்திருவோம்" என்றேன்.

"விளையாட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பகடை கெடக்குல்ல?"

"நான் விளையாடிப் பார்க்கலையே. பார்க்காம எப்படி எழுதுவேன்?"

இதுதான் காரணம். வேறு ஒரு காரணமும் கிடையாது. பேய் பிசாசு, ஜப்பான், மந்திரம் என்று பின்னால் என்னென்னவோ பேசினார்கள். ஒரு சீட்டில் 'விளையாட்டு' என்று உண்மையாக எழுதுவதற்காகத்தான் அந்த அம்மாள் புத்தகம் முழுவதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு லீவில் மீதி இருந்த எங்கள் மூன்று பேரையும் சமையலறை அடுப்போரம் உட்கார வைத்தார். நான், சமையல்காரர் செல்லையா அண்ணன், ஆபீஸ் டைப்பிஸ்ட் ரோஸ்லின்.

செல்லையா அண்ணன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். "கட்டம் எங்கம்மா? காய் எங்க?"

"கெடையாது. நான் கதை சொல்வேன். கதைக்குள்ள நீங்க ஆளுக்கொரு வேஷம். என்ன செய்றீங்கன்னு நீங்க சொல்லணும். செஞ்சது பலிச்சுதா இல்லையான்னு பகடை சொல்லும். எதுக்க வர்ற பூதம், பாம்பு, பேய் எல்லாம் நான்."

நான் வாள்வீரன் ஆனேன். செல்லையா அண்ணன் மந்திரவாதி. ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிற ரோஸ்லின் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "நான் திருடி" என்றாள்.

புத்தகத்தில் பூதங்களுக்கென்று ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி தாங்கும், எதைக் கண்டால் பயப்படும் என்று போட்டிருந்தது. பெரும்பாலும் கண்டதும் வெட்ட வேண்டியவை. அதையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெட்டித் தள்ளினோம். அதற்குப் பிறகு அம்மா ஜப்பான் நரி இருந்த பக்கத்தைத் திருப்பினார்.

அந்த நரி நூறு வருஷம் இருந்தால் ஆள் ரூபம் எடுக்கும். அழகான பெண்ணாக வந்து வழிப்போக்கரை ஏமாற்றும். வயது ஏற ஏற வால் கூடும், ஒன்பது வரைக்கும். தண்ணீரிலோ கண்ணாடியிலோ பார்த்தால் மட்டும் நரி முகம் தெரியும். நாயைக் கண்டால் நடுங்கும். எங்கள் வில்பட்டி நரி கோழி திருடும், ஊளையிடும், அதோடு சரி.

"காட்டுக்குள்ள ஒரு வீடு" என்று அம்மா ஆரம்பித்தார். "வாசல்ல ஒரு பொம்பளை நிக்குறா." நிறுத்தினார். மூக்கைச் சொறிந்தார். முகம் சிவந்துவிட்டது. "அது நரி."

"அம்மா! சொல்லிட்டீங்களே!" என்றாள் ரோஸ்லின்.

"சொல்லாம? நீங்க பாட்டுக்குப் பொம்பளைன்னு நம்பிட்டா?"

"நம்பணும்மா. அதான் விளையாட்டு."

அம்மா புத்தகத்தை மறுபடி பார்த்தார். "நரி என்ன பேசணும்னு இதுல போடலை. அப்ப நான்தான் பேசணும். சரி, நரி சொல்லுது: நான் நரிதான். முந்நூறு வயசு. மூணு வால் இருக்கு, சேலைக்குள்ள மறைச்சிருக்கேன். உங்களை ஏமாத்தத்தான் இந்த வேஷம் போட்டேன், இப்ப மனசு வரலை. சூப் இருக்கு. அதுல ஒண்ணும் கலக்கலை. நீங்க எதுக்கு வந்தீங்க?"

விடுதி வாசல் கேள்வி அங்கேயும் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் நரி வீட்டுக்குள் நுழைய முடியாது என்பது அம்மா போட்ட சட்டம். புத்தகத்தில் கிடையாது. மழைக்கு ஒதுங்க என்றேன். அடுப்பு எப்படிப் போட்டிருக்கு என்று பார்க்க என்றார் செல்லையா அண்ணன். திருட என்றாள் ரோஸ்லின்.

உள்ளே போனோம். போனதும் எனக்குச் சந்தேகம். நரி தன்னை நரி என்று சொல்லுமா? அப்படியானால் இவள் நரி இல்லை, நிஜ நரி எங்கள் மூன்று பேரில் ஒருவராக வந்திருக்கிறது. ரோஸ்லினுக்கும் அதே எண்ணம். செல்லையா அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில் போனவர் திரும்பி வராமல் அங்கேயே நின்றார். நரிதான் என்று ஒரே வெட்டு. பகடையில் இருபது விழுந்தது. மந்திரவாதி காலி. ரோஸ்லின் பயந்துபோய் என் முதுகில் கத்தியைச் செருகினாள். நான் சாகும்போது சூப்புச் சட்டி கவிழ்ந்து அவளும் வெந்து போனாள்.

"நரி தனியா உக்காந்து மிச்சச் சூப்பைக் குடிக்குது" என்றார் அம்மா வருத்தமாக. "ஒண்ணும் கலக்கலைன்னு முதல்லயே சொன்னேனே."

"என்னை எதுக்குலே வெட்டுன?" செல்லையா அண்ணன் நிஜமாகவே கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அடுப்பைப் பார்க்கத்தான் போனேன்னு சொன்னேன்ல? நீ ஒரு மனுசனாடா?"

இரண்டு நாள் எனக்குக் குழம்பில் கறி விழவில்லை.

லீவு முழுக்க, மூடுபனி வாசலை அடைத்த மத்தியானம் எல்லாம், அந்த நரியிடமே போய் விழுந்தோம். ஒருதரம் நம்பித் தொலைப்போம் என்று சூப்பைக் குடித்தோம். நன்றாகவே இருந்தது. "மேல் ரூமுக்கு மட்டும் போகாதீங்க, கண்ணாடியில நெச முகம் தெரிஞ்சா நான் நல்லவளா இருக்க மாட்டேன்" என்றது நரி. போனோம். செத்தோம். இன்னொருதரம் "பாதை சரிஞ்சு கெடக்கு, காலையில போங்க" என்றது. எங்களைத் தடுக்கப் பார்க்கிறது என்று ரோஸ்லின் சொல்ல, இருட்டில் வண்டி கட்டிக்கொண்டு போனோம். பெருமாள்மலை வளைவில் சின்னக் கல் உருண்டாலே வேனை நிறுத்திவிடுகிற நான், அங்கே சாட்டையைச் சுழற்றிக்கொண்டு பள்ளத்துக்குள் ஓட்டினேன்.

"பொய் சொல்ற நரியா இருந்தா என்னைக்கோ ஜெயிச்சிருப்போம்" என்று ரோஸ்லின் அழுதேவிட்டாள்.

கடைசியில் செல்லையா அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த நரிக்குப் பிடித்த தின்பண்டம் ஒன்று புத்தகத்தில் இருந்தது. அதைக் கொடுத்தால் மயங்கி வரம் கொடுக்கும்.

"அது என்னம்மா பண்டம்?"

"பயறை அரைச்சு, கட்டியாக்கி, எண்ணெயில பொரிக்கிறது."

"வடைதானம்மா அது! எந்த ஊரு நரியா இருந்தாலும் வடைக்குத்தான் வரும்போல." சும்மா வாயால் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. நிஜமாகவே உளுந்தை ஊறப்போட்டு, மறுநாள் மத்தியானம் சுடச்சுட வடை பொரித்து, தட்டில் வைத்து அம்மாவுக்கு முன்னால் இரண்டு கையாலும் நீட்டினார். "நரித் தாயே, ஏத்துக்கிட்டு எங்களுக்கு ஒரு வரம் குடு!"

அம்மா வடையை எடுத்துக் கடித்தார்.

"அம்மா, அது நரிக்கு" என்றேன்.

"நான்தான் நரி. முந்நூறு வயசு. இந்த வடை எனக்குத்தான். உப்பு பத்தலை" என்றார்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே மேனேஜர் நின்றுகொண்டிருந்தான்.

கிறிஸ்தவப் பள்ளியின் சமையலறையில் ஜப்பான் பேய்க்கு வடை படைக்கிறார்கள், அது மேட்ரன் மேல் இறங்கிப் பேசுகிறது, பச்சைப் பிள்ளைகளை எப்படி இவள் கையில் விடுவது என்று கமிட்டிக்குச் சொல்லிவிட்டான். ஜனவரியில் விசாரணை. தப்பு என்று முடிவானால் வேலையும் போகும், அறையையும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

விசாரணைக்கு முந்தின நாள் நாங்கள் மூன்று பேரும் அவர் காலில் விழாத குறை.

"ஒரே ஒரு பொய்ம்மா" என்றாள் ரோஸ்லின். "கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தோம்னு சொல்லுங்க."

"கிறிஸ்மஸ்ல நரி ஏதுடி?"

"அப்ப எதுவும் ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

"எல்லாம் ஞாபகம் இருக்கே. உப்பு பத்தலைன்னது வரைக்கும்."

அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். காலையில் பார்த்தபோது பேரிக்காய் மரத்தடியில் தகரப் பெட்டி கட்டி வைத்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை எட்டி உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது.

விசாரணை சாப்பாட்டு ஹாலில் நடந்தது. குரங்குக் குல்லா போட்ட கமிட்டித் தலைவர் நடுவில். திண்டுக்கல் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிரில் பல் அடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் இரண்டு கமிட்டிக்காரர்கள். மேஜை முனையில் மேனேஜர், முகம் நிறையக் கவலையோடு. நாங்கள் மூன்று பேரும் சுவரோரம்.

"நான்தான் நரின்னு சொன்னீங்களாம்மா?"

"சொன்னேங்க."

"முந்நூறு வயசுன்னு?"

"சொன்னேன். எனக்கு அம்பத்தாறு."

செல்லையா அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே விழுந்து, "ஐயா, எங்கம்மா உசுரே போனாலும் பொய் சொல்ல மாட்டாங்க. இந்த மலையில யாரை வேணும்னாலும் கேளுங்க!" என்றார்.

மேனேஜர் இதற்குத்தான் காத்திருந்தான். மெதுவாகக் கேட்டான். "அதுதாங்க ஐயா எனக்கும் பயமா இருக்கு. பொய்யே சொல்லாதவங்க, நான் நரின்னு சொல்றாங்கன்னா என்ன அர்த்தம்? ஒண்ணு, பொய் சொல்லியிருக்காங்க. இல்லைன்னா..."

முடிக்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். இன்னொருவர் குனிந்து, நான் சத்தியமாகப் பார்த்தேன், அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் தலைவர். "அது பொய்யா, இல்லையா?"

'பொய்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"தெரியலைங்க" என்றார். "நீங்களும் ஒருதரம் விளையாடிப் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் சிரித்தான். தலைவர் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டராக இருந்தவர் அல்லவா, பார்க்காமல் மார்க் போடப் பிடிக்காது போலிருக்கிறது. "நானும் நீரும் விளையாடுவோம், மேனேஜர். எடுத்துட்டு வாங்கம்மா" என்றார்.

அம்மா பகடைகளை மேஜையில் பரப்பினார். காட்டைச் சொன்னார். வீட்டைச் சொன்னார். வாசலில் நின்றவளைச் சொன்னார். தலைவர் துறவி வேஷம், மேனேஜர் தளபதி. முதலில் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்த தளபதி, இருபது முகப் பகடையில் பதினெட்டு போட்டு ஓநாய் ஒன்றைக் கொன்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த ஓநாயைக் கொன்றதும் கோட்டைக் கழற்றினான். மூன்றாவதற்கு, "தள்ளுங்க ஐயா, நான் பார்த்துக்கறேன்" என்று தலைவர் கையிலிருந்தே பகடையைப் பிடுங்கினான்.

நரி வீட்டு வாசல் வந்தது.

"நான் நரிதான். மூணு வால். சூப்புல ஒண்ணும் கலக்கலை. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"இளைப்பாற" என்றார் தலைவர்.

தளபதி மேஜையில் குத்தினான். "நான் உன் வீட்டைப் பிடிக்க வந்திருக்கேன்! வெளிய போ!"

அம்மா கேட்டார். "இவ்வளவு பெரிய தளபதிக்கு இந்தச் சின்ன வீடு எதுக்கு?"

"எனக்கில்லை, என் மச்சானுக்கு! கல்யாணமாகி ஆறு மாசமா வீடில்லாம என் உசுரை வாங்குறான். பின்னால பேரிக்கா மரத்தோட இந்த வீட்டை அவனுக்குத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்!"

காட்டுக்குள் இருக்கிற அந்த வீட்டில் பேரிக்காய் மரம் இருப்பதாக அம்மா சொல்லவே இல்லை.

மேனேஜர் கையில் பகடையைத் தூக்கியபடியே இருந்தான். பிறகு மெதுவாக மேஜையில் வைத்தான். என்ன முகம் விழுந்தது என்று ரோஸ்லின் மட்டும் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு" என்றாள்.

தலைவர் குல்லாவைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். தீர்ப்பு மூன்று வரி. மேட்ரன் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். இந்த விளையாட்டைப் பிள்ளைகள் கண்ணில் காட்டக் கூடாது. பாய்லரை மாற்ற வேண்டும். எழுந்து போகும்போது அம்மாவிடம் தணிவாகக் கேட்டார்: "அந்தச் சூப்புல நெசமாவே ஒண்ணும் இல்லையா?"

"முன்னாலயே சொல்லிட்டேங்க."

அவர் நம்பாத மாதிரிதான் போனார்.

பெட்டிக்குச் சீட்டு எழுதி ஒட்டினார் அம்மா. 'விளையாட்டு. சோதித்துப் பார்க்கப்பட்டது.' கோயில் விற்பனையில் அதை யாரும் வாங்கவில்லை.

சில வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். பாலசமுத்திரத்து அண்ணன் செத்துப்போய், அண்ணிக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. சுற்றி இருப்பவர்கள் எல்லாம் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றே சொல்கிறார்கள், உள்ளதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று அந்த அண்ணியே கூப்பிட்டு அனுப்பினார். பழனி பஸ்ஸில் நான்தான் ஏற்றிவிட்டேன். அதே தகரப் பெட்டி. என் உதை விழுந்த இடத்தில் நெளிவு இருந்தது.

"எங்களை நெனப்பீங்களாம்மா?"

"உன்னை நெனப்பேன். ரோஸ்லினை நெனப்பேன். செல்லையாவைச் சாப்பிடும்போது நெனப்பேன்." ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார். "ஏப்பா, அந்த ஐயா கேட்டாருல்ல, அது பொய்யா இல்லையான்னு. பதில் இப்பத்தான் தெரிஞ்சுது. பொய் சொன்னா எனக்கு வயித்தைக் கலக்கும். சின்ன வயசுல ரெண்டு தரம் சொல்லிப் பார்த்திருக்கேன். நான் நரின்னு சொன்னப்ப ஒண்ணும் கலக்கலை. நல்லாப் பசிச்சுது."

"அப்படின்னா?"

"அதான் தெரியலை. குளிச்சியா இன்னைக்கு?"

"இல்லை" என்றேன்.

பஸ் கிளம்பியது. அதற்குள் அவர் முன் வாசல் பக்கம் இடம் மாற எழுந்து நடந்தார். பின்கண்ணாடி வழியாக முதுகு தெரிந்தது. ஸ்வெட்டர், சேலை, கான்வாஸ் ஷூ. வேறு ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாயா என்று கேட்டால், பார்த்தேன். மூடுபனி மறைக்கிறவரை நின்று நன்றாகவே பார்த்தேன்.